மதிவதனி அனுப்பாத குப்பிகள்

மதிவதனிக்கு மாதங்கியைப் பிடிக்காது. சுற்றி வளைப்பானேன், பொறாமைதான். தஞ்சாவூரில் இருவரும் ஒன்றாக எம்.எஸ்ஸி. படித்த நாளிலிருந்தே அது இருக்கிறது. முதல் மதிப்பெண் மாதங்கிக்கு, இரண்டாவது இவளுக்கு. மாதங்கியின் தாத்தா நிலத்தில்தான் இவள் அப்பா கோவிந்தராசு வரப்பில் அண்டை வெட்டினார், நாற்றுக்கட்டு சுமந்தார். அதை மாதங்கி ஒருநாளும் பேச்சில் எடுத்ததில்லை. அவள் திமிர் பிடித்தவளாக இருந்திருந்தால் வெறுப்பதற்காவது வசதியாக இருந்திருக்கும்.

மாதங்கி ஜெர்மனி போய்த் திரும்பி, பெங்களூரில் ஒரு பெரிய ஆய்வகத்துக்குத் தலைவியானாள். மதிவதனிக்கு வாய்த்தது பேராவூரணிப் பக்கம் ஒரு சின்ன ஆராய்ச்சி நிலையம். ஓர் ஓட்டை ஜீப், ஒரே ஒரு ஃப்ரீசர்.

வயல்காட்டுக் கொசு கொண்டுவரும் மூளைக்காய்ச்சலைத்தான் அவள் ஆராய்ந்தாள். சிறு வயதில் அந்தக் காய்ச்சல் வந்து பிழைத்தவர்களில் சிலருக்கு ஐம்பது வயதில் கை நடுக்கம் வருகிறதே, அந்த வைரஸ் அன்றைக்கே மூளையில் எதையோ கெடுத்துவிட்டுப் போயிருக்குமோ? பதில் வேண்டுமென்றால் நடுக்கம் வருவதற்கு முன்பிருந்தே ஆண்டுதோறும் ரத்தம் எடுத்துச் சேர்க்க வேண்டும். 2006இல் தொடங்கினாள். ஆட்கள் நடவுக்குக் கிளம்புவதற்குள் விடியற்காலையிலேயே போய் நிற்பாள். ஊரில் ‘ரத்த டீச்சர்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

சிறுவயதில் அந்தக் காய்ச்சல் கண்ட வைரக்கண்ணு என்பவர் பதினோரு வருடம் தவறாமல் கையை நீட்டினார். ஒன்பதாம் வருடம் அந்தக் கை நடுங்க ஆரம்பித்தது. அப்படி முன்னும் பின்னுமாக முழு வரிசை வேறு யாரிடமிருந்தும் கிடைக்கவில்லை. 2017இல் அவர் இறந்துபோனார்.

அடுத்த ஆண்டு ஆனியில் மாதங்கி போன் செய்தாள்.

“மதி, உன் சாம்பிள்ல பாதிய இங்க அனுப்பி வை. எங்கிட்ட மெஷின் இருக்கு, ஒரு மாசத்துல பாத்துடலாம். எல்லாத்தையும் ஒரே ஃப்ரீசர்ல வெச்சிருக்கியே, பயமா இல்லையா? பேப்பர்ல உன் பேருதான் முதல்ல வரும்.”

முதல் பெயராம்! கட்டுரையில் கடைசிப் பெயர்தான் ஆய்வகத் தலைவருடையது, கருத்தரங்குக்குக் கூப்பிடுவதும் அவரைத்தான் என்று மதிவதனிக்குத் தெரியாதா? பன்னிரண்டு வருடம் வரப்பில் வழுக்கி விழுந்து இவள் சேர்த்ததை வைத்து அவள் மேடையேறுவாள். தாத்தா காலத்திலும் விளைந்ததெல்லாம் அந்த வீட்டுக்குத்தானே போயிற்று.

“பாக்கலாம் மாதங்கி” என்றாள். பிறகு அனுமதிக் கடிதம் வரவில்லை என்றாள். ஐஸ் பெட்டி இல்லை என்றாள். மாதங்கி இரண்டுக்கும் ஏற்பாடு செய்தாள். அதற்கும் இவளுக்கு எரிச்சல்தான் வந்தது.

நவம்பரில் கஜா புயல் அடித்தது. சாலையெங்கும் தென்னைகள் குறுக்கே கிடந்தன. கரண்ட் போயிற்று. ஜெனரேட்டருக்கு இருந்த டீசல் இரண்டாம் நாளே தீர்ந்தது. ஐந்தாம் நாள் ஃப்ரீசரைத் திறந்தபோது உள்ளே எல்லாம் இளகிக் கெட்டுப்போயிருந்தது.

அப்போது முதலில் அவளுக்குத் தோன்றியது என்ன தெரியுமா? நல்லவேளை, இனி மாதங்கிக்கும் கிடைக்காது என்பதுதான். அந்த நினைப்பைக் கண்டு அவளே பயந்துபோனாள்.

தை மாதம் மறுபடி ஊருக்குப் போனாள். வைரக்கண்ணுவின் மனைவி அம்சம், தார்ப்பாய் கட்டிய வீட்டு வாசலில் நாற்காலி எடுத்துப் போட்டாள்.

“ஏன் டீச்சர், அவரு ரத்தம் புயல்ல ஒண்ணும் ஆவலையே? அத வெச்சு நோவு எப்புடி வந்துச்சுன்னு தெரிஞ்சுரும்னு சொல்லிக்கிட்டே கெடப்பாரு. எம்மவனுக்கும் சின்னதுல அந்தக் காய்ச்ச வந்துச்சுல்ல.”

“கெட்டுப்போச்சுக்கா.”

புயலின் தலையில் போட்டுவிட்டு எழுந்திருக்கலாம். மதிவதனியால் முடியவில்லை.

“பாதிய பெங்களூருல கேட்டாங்க. குடுத்திருந்தா அங்க பத்திரமா இருந்திருக்கும். எனக்குத்தான் மனசு வரல.”

“ஏன்?”

“அவ பேரு பெருசா வந்துருமேன்னு.”

அம்சம் அவளையே பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

“எம்மவனுக்குக் கை நடுங்குனா என்னா சொல்லுவீங்க? அவருகிட்ட இனிமே எங்க போயி எடுப்பீங்க?”

முப்பது வயது மகன் பரிதி சட்டைக் கையை மடித்துவிட்டு எதிரில் உட்கார்ந்தான். மதிவதனி ரத்தம் எடுத்து இரண்டு குப்பிகளில் பிரித்தாள். ஒன்றில் நிலையத்தின் பெயரை எழுதினாள். மற்றதில் மாதங்கியின் பெயரை எழுதினாள். எழுதும்போதும் வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது.