பலகைக்கடியில் ஆட்டு மயிர்

"…வெந்நீர்னு பேரு, ஊத்துனா ஒடம்பு நடுங்குது. நான் ஆம்பூருக்கே, எங்கம்மா வூட்டுக்கே போறேன்" என்று என் புது மனைவி பெட்டியில் புடவைகளை அடுக்கினாள்.

ஜோலார்பேட்டை வீட்டில் அடுப்படியிலிருந்து குளியலறைக்குப் பலகைத் தரையின் கீழே வெந்நீர்க் குழாய் போட்டவன் நான்தான். மார்கழியில் வழியிலேயே சூடு ஆறிவிடும். தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்த தோஸ்த் ஒரு மூட்டை ஆட்டு மயிர் கொடுத்தான். ஒரு நாள் பொறுக்கச் சொல்லி அவளை நிறுத்திவிட்டு, பலகைகளைப் பெயர்த்து, குழாயில் மயிரைச் சுற்றி, மேலே சாக்கு வைத்துக் கட்டினேன். மயிரை அலசத்தான் மறந்துவிட்டேன்.

மறுநாள் காலை தண்ணீர் ஆவி பறக்க வந்தது. கூடவே பலகை இடுக்குகளில் தோல் ஷாப்பு நாற்றமும் ஏறியது. காரியம் கெட்டது என்று நின்றேன்.

ஆம்பூரில் தோல் ஷாப்புக்குப் பின்தெருவில் வளர்ந்த என் மனைவி மோந்து பார்த்தாள். "இன்னாங்க, எங்க தெரு வாசன அடிக்குது" என்றவள், பெட்டியைத் திறந்து புடவைகளைக் கொடியில் போட்டாள்.