நமது நிருபரின் கையில் இருந்தது

அடையாறு பாலத்து நெரிசலில் ஆட்டோ நின்றபோது சரோஜாதேவிக்கு லேசாகக் கண் செருகியது. கீழே ஆறு, ஓடுகிறதா உறங்குகிறதா என்று தெரியாமல், சாயங்கால வெயிலை ஏந்திக்கொண்டு கிடந்தது.

மாலை நாளிதழ் ஒன்றில் வெகுகாலம் நிருபராக இருந்தவர். ஓய்வுக்குப் பிறகு, இந்தக் கரையில் இருந்து அகற்றப்பட்ட குடிசைகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதற்காகத்தான் கடற்கரைச் சாலைப் பல்கலைக்கழகத்தில் பேச அழைத்திருந்தார்கள். தலைப்பு, 'நானும் என் எழுத்தும்'.

அந்த 'நான்'தான் தொல்லை. அவர் எழுதிய செய்திகளில் 'நான்' கிடையாது; மிஞ்சினால் 'நமது நிருபர்'தான். தப்பித் தவறி 'நான்' வந்துவிட்டால் ஆசிரியர் அந்த வரியையே அடித்துவிடுவார். புத்தகத்திலும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஆனால் குடிசைகளை இடித்த அன்று தனக்கு நேர்ந்த ஒன்றை யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று ஆசை. இன்றைக்கு விட்டால் இனி யார் கூப்பிடப் போகிறார்கள்?

பக்கத்தில் நாகராஜ், அவரோடு வேலை பார்த்த புகைப்படக்காரர். "இன்னா சரோ, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி கீது? மைக்கு ஒண்ணும் கடிக்காது" என்றார்.

அரங்கில் மின்விசிறிகள் அரைத்தூக்கத்தில் சுற்றின. கடற்காற்று சன்னல் திரையை ஊதுவதும் விடுவதுமாக இருந்தது. சரோஜாதேவியின் கால்கள் தாமாகவே பத்திரிகைக்காரர்களின் ஓரத்து நாற்காலிக்குப் போய்விட்டன. பேராசிரியை ஷீலா தேடி வந்து மேடைக்குக் கூட்டிப் போனார்.

"காலையில் லாரிகள் வந்தன. அங்கு சென்ற நமது நிருபர்..."

மாணவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டு மறுபடி தொடங்கினார். மறுபடியும் நமது நிருபர்தான் வந்தார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அரங்கமே தண்ணீருக்கடியில் இருப்பதுபோல முகங்கள் அலைந்தன.

கடைசி வரிசையில் நாகராஜ் எழுந்தார். "யம்மா, அந்த நிருபரு கையில இன்னாமோ வெச்சுக்கினு நின்னாங்களே. படத்துல வராத, நவுருன்னு நான்தான் வெரட்டினேன். இன்னா அது?"

சரோஜாதேவி தன் உள்ளங்கைகளைப் பார்த்தார்.

"சோத்துப் பானை. அப்பதான் வடிச்சது. சுலோச்சனான்னு ஒரு பொண்ணு. லாரியில ஏத்தின குழந்தை அழுதுதுன்னு, 'அக்கா, கொஞ்சம் புடி, தோ வந்துட்றேன்'னு என் கையில குடுத்துட்டு ஏறினா. லாரி கெளம்பிடுச்சு."

'என் கையில' என்று சொன்னதை அவர் கவனிக்கவே இல்லை. முன்வரிசைப் பெண் ஒருத்தி, கீழே எங்கேயாவது இறக்கி வைத்திருக்கலாமே என்று மெதுவாகக் கேட்டாள்.

"எங்கம்மா வெக்கறது? அவ அடுப்பையும் இடிச்சிட்டாங்க. திரும்பி வருவான்னு சோறு ஆறிப்போற வரைக்கும் நான் புடிச்சிக்கிட்டே நின்னேன்."

சரோஜாதேவி எழுதி எடுத்து வந்த தாள்களை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, முன்வரிசைப் பெண்ணின் அடுத்த கேள்விக்காகச் சற்று முன்னால் சாய்ந்தார்.