கரண்டி சிஸ்டரின் ஐந்தாவது பத்து

மடத்துப் பதிவேட்டில் அவருக்கு நீளமான ஒரு புனிதையின் பெயர் இருந்தது. அது கடிதங்களில் மட்டும் வரும். மற்ற நேரமெல்லாம் அவர் கரண்டி சிஸ்டர்தான். கரண்டி என்றால் பரிமாறுகிற கரண்டி இல்லை. மரத்தில் செய்தது, படகுத் துடுப்பு மாதிரி இருக்கும், பிடி அவர் தோள் உயரம். இருபத்தாறு வருடமாக அதே கரண்டி, அதே செப்புப் பாத்திரம், அதே அடுப்பு.

மொத்தம் பதினொரு பெண்கள் இருந்த மடம் அது. ஆரஞ்சுப் பழத்தைத் தோலோடு காய்ச்சி, மார்மலேட் செய்து, பாட்டிலில் அடைத்து விற்றார்கள். ஊரில் யாரும் மார்மலேட் என்று சொல்வதில்லை; மடத்து ஜாம். முதலில் இனிக்கும், விழுங்கும்போது லேசாகக் கசக்கும். அந்தக் கசப்புக்குத்தான் ஆட்கள் தேடி வந்தார்கள்.

இரண்டு நாள் வேலை. முதல் நாள் பழத்தைப் பிழிந்து, தோலைத் தீக்குச்சி கனத்துக்கு அரிந்து, விதைகளை மெல்லிய துணியில் முடிந்து, எல்லாவற்றையும் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். மறுநாள் காலை சிறு தீயில் தோல் வேக வேண்டும். விரலால் நசுக்கினால் பஞ்சு மாதிரி அமுங்கணும். அதற்கு இரண்டு மணி நேரம் ஆகும், சில நாள் கூடவே ஆகும். பிறகு விதை முடிச்சைப் பிழிந்து எடுத்துவிட்டு, சர்க்கரையைக் கொட்டி, தீயைக் கூட்ட வேண்டும். தளதளவென்று கொதி எழும்பியதிலிருந்து இறக்குகிற வரைக்கும் உள்ள நேரத்தில்தான் ஜாமின் உயிர் இருக்கிறது. குறைந்தால் தண்ணீர், கூடினால் கல்.

அந்த நேரத்தை மடத்தில் கடிகாரம் பார்த்து அளப்பதில்லை. ஜெபமாலையால் அளப்பார்கள். கொதி வந்ததும் முதல் மணி; மணிக்கு ஒரு ஜெபம். பத்துப் பத்தாக ஐந்து பத்து. கடைசி மணி விரலை விட்டுப் போகும்போது பாத்திரம் இறங்க வேண்டும். மடத்தைத் தொடங்கியவர்கள் வைத்த வழக்கம். அந்தக் காலத்தில் சமையலறையில் கடிகாரம் இல்லாமல் இருந்திருக்கும், அவ்வளவுதான். கடிகாரம் வந்த பிறகும் வழக்கம் போகவில்லை. கரண்டி சிஸ்டர் ஜெபமாலையைக் கரண்டிப் பிடியில் சுற்றிக்கொள்வார். கை கிளறும், கட்டைவிரல் மணியைத் தள்ளும், உதடு முணுமுணுக்கும். சர்க்கரை விழுந்த பிறகு அந்த அறையில் யாரும் பேசக் கூடாது.

பாட்டிலுக்கு லேபிள் ஒட்டுகிற இளைய சிஸ்டர் ஒருமுறை, குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளிப் பார்க்கலாமே, சுருக்கம் விழுந்தால் பதம் வந்துவிட்டது என்று அர்த்தமாமே என்று ஆரம்பித்தார்.

“கடவுள்கிட்ட நேரம் கேட்டுட்டு, அப்புறம் தட்டுகிட்ட சாட்சி கேக்கறதா?” என்றார் கரண்டி சிஸ்டர். பேச்சு அதோடு முடிந்தது.

ஐந்து பத்துக்கும் அவர் ஆள் ஒதுக்கி வைத்திருந்தார். முதலாவது, மடத்தில் இறந்துபோனவர்களுக்கு. இரண்டாவது, தெருவில் நோய்ப்பட்டவர்களுக்கு. மூன்றாவது, பிறந்த வீட்டுக்கு. நான்காவது, கூட இருக்கிற சிஸ்டர்களுக்கு; அதில் பிடிக்காதவர்களும் அடக்கம். ஐந்தாவது, ஜாமை வாயில் வைக்கப்போகிறவர்களுக்கு. பிறந்த வீட்டுக்கான மூன்றாவது பத்தில் அண்ணன், அண்ணன் மகள், மகளின் கணவர், பேரன் என்று தனித்தனியாகச் சொல்வார். ‘அண்ணன் வீட்டில் எல்லோருக்கும்’ என்று மொத்தமாகச் சொன்னால் அண்ணியும் உள்ளே நுழைந்துவிடுவாளே!

அது பத்தொன்பது வருடத்துக் கதை. அம்மா படுத்த படுக்கையாக இருந்தபோது மடத்தில் மூன்று நாள் அனுமதி வாங்கிக்கொண்டு போனார். முன்னறையில் இருந்த அம்மாவின் கட்டிலைப் பின்னறைக்குத் தள்ளியிருந்தார்கள். ஒரே ஒரு ஜன்னல், அதுவும் சுவரைப் பார்த்தது. ஏன் இப்படி என்று கேட்டதற்கு அண்ணி, கையில் இருந்த ஈரத் துணியை உதறிக்கொண்டே சொன்னாள்: “சாமிக்கு வாழ்க்கைப்பட்டவங்களுக்கு மாமியார் கிடையாது. மூணு நாள் லீவுல வந்துட்டு, கட்டில் எங்க கிடக்குன்னு கணக்கு கேக்காதீங்க.” அதற்குப் பிறகு இருவருக்கும் நடுவே ‘நல்லா இருக்கீங்களா’ தவிர வேறு வார்த்தை இல்லை. அதுவும் தொலைபேசியை அண்ணன் வலிய நீட்டினால்தான்.

இந்த வருடம் பழம் வரத் தொடங்கிய வாரத்தில் அண்ணன் கூப்பிட்டார். அண்ணிக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது, பேச்சும் குழறுகிறது.

“உனக்கும் அவளுக்கும் ஆகாதுன்னு தெரியும். இருந்தாலும் தினம் ஒரு பத்து சொல்லு. நீ சொன்னா கேக்கும்.”

“யாருக்கு அண்ணா கேக்கும்?”

“யாருக்குக் கேக்கணுமோ அவருக்கு.”

சரி என்று சொல்லிவிட்டார். மடத்தில் பொழுது துண்டு துண்டாக வெட்டி வைத்திருக்கும். தன் இஷ்டத்துக்குச் சொல்லக்கூடிய ஜெபம் அடுப்பு முன்னால் மட்டும்தான். ஜாம் சாப்பிடுகிறவர்கள் நன்றாகத்தானே இருக்கிறார்கள் என்று, அவர்களுடைய ஐந்தாவது பத்தை எடுத்து அண்ணிக்குக் கொடுத்தார்.

இரண்டு வாரம் கழித்து பேக்கரிக்காரர் வந்தார். மடத்து ஜாமில் பாதி அவர் கடைக்குத்தான் போகும். வரவேற்பு அறை மேசையில் ஒரு பாட்டிலைத் திறந்து தலைகீழாகக் கவிழ்த்தார். ஒன்றும் விழவில்லை.

“மதர், இதுல கத்தியைக் குத்தினேன், நின்னுச்சு. கையை எடுத்தேன், அப்பவும் நின்னுச்சு.”

மடத்தின் தலைவியான மதர், கரண்டி சிஸ்டரைவிட பதினைந்து வயது இளையவர். முன்பு பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். இந்தப் பாட்டில் மட்டும்தானா என்று கேட்டார். இல்லை, பெட்டி முழுக்க இப்படித்தான், போன பெட்டியும் இப்படித்தான்.

கரண்டி சிஸ்டரைக் கூப்பிட்டார்கள். அவர் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தேன் நிறத்தில் இருக்க வேண்டியது துருப்பிடித்த நிறத்தில் இருந்தது. பழம் சரியில்லை என்றார். சர்க்கரை ஈரம் என்றார். அடுப்பு கூட எரிகிறது என்றார். மதர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

“எத்தனை பத்து சொல்றீங்க சிஸ்டர்?”

“அஞ்சு.”

“நிச்சயமா?”

“மணி என் விரல்ல இருக்கு மதர். எனக்கு வயசாகும், மணிக்கு ஆகாது.”

மதர் மெதுவாகத்தான் சொன்னார். வாசல் மணி அடித்தால் எழுந்து போய்க் கதவு திறக்கிற வேலைக்கு ஆள் வேண்டும்; அறுபத்து மூன்று வயதில் இவ்வளவு பெரிய பாத்திரத்தோடு மல்லுக்கட்ட வேண்டுமா; லேபிள் சிஸ்டருக்குத் தோளில் பலம் இருக்கிறது. இன்னும் ஒரு தடவை ஜாம் காய்ச்சிப் பார்ப்போம், அதுவும் இப்படியே வந்தால் மாற்றிவிடுவோம். வாசல் பக்கத்து நாற்காலியைக் கரண்டி சிஸ்டருக்குத் தெரியும். அதில் உட்கார்ந்தவர்கள் முதலில் தூங்கிவிழுவார்கள், பிறகு அங்கிருந்து நோயாளி அறைக்குப் போவார்கள். எழுந்து திரும்பி வந்தவர் யாரும் இல்லை.

“பாருங்க மதர்,” என்றார். “ஒரு மணி கூட்டல, ஒரு மணி குறைக்கல.” அது சத்தியமும்கூட.

அடுத்த காய்ச்சல் அன்று லேபிள் சிஸ்டர், மேசையில் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“என்னடி இது, பரீட்சையா?”

“நானா வரல சிஸ்டர். மதர் எழுதச் சொன்னாங்க.”

“எழுது. முதல் மார்க் எனக்குத்தான்.”

சர்க்கரை விழுந்தது. பேச்சு நின்றது. கொதி எழும்பியதும் கட்டைவிரல் முதல் மணியைத் தள்ளியது. லேபிள் சிஸ்டர் ஒரு லேபிளின் பின்பக்கத்தில் எழுதினார். முதல் பத்து மூன்று நிமிடம். இரண்டாவது மூன்று. மூன்றாவது மூன்று, நான்காவது மூன்று. கடிகாரமே வெட்கப்படுகிற மாதிரி இருந்தது.

ஐந்தாவது பத்தை ஆரம்பித்தார் கரண்டி சிஸ்டர். அண்ணிக்காக. அருள்நிறைந்த மரியே. ஒன்று. இரண்டு. மூன்று. நான்காவது மணியில் கட்டில் வந்தது. கால் ஒடிந்து செங்கல் முட்டுக்கொடுத்த கட்டில், சுவரைப் பார்த்த ஜன்னல், ஈரத் துணியை உதறிய சத்தம். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு நின்றோமே, இப்படிச் சொல்லியிருக்கலாம், இல்லை, இப்படிச் சொல்லியிருந்தால் இன்னும் சுருக்கென்று இருந்திருக்கும்... கரண்டி பாத்திரத்தின் அடியைப் போட்டுச் சுரண்டியது. பிறகு நினைவு வந்து ஐந்தாவது மணி. ஏழாவதில் மறுபடியும் கட்டில்.

பாத்திரத்தை இறக்கியதும் லேபிள் சிஸ்டர் எழுந்து வந்து லேபிளை நீட்டினார். கடைசி வரியில் ‘ஒன்பது’ என்று இருந்தது.

“அஞ்சாவதுல என்ன சிஸ்டர் நடக்குது? விரல் நாலாவது மணியில அப்படியே நிக்குது. கரண்டி மட்டும் யாரோடயோ சண்டைக்குப் போற மாதிரி ஓடுது.”

கரண்டி சிஸ்டர் லேபிளைப் பார்த்தார். பாத்திரத்தைப் பார்த்தார். மேலே ஆடை கட்டத் தொடங்கியிருந்தது, துரு நிறம். பழத்தையும் சர்க்கரையையும் அடுப்பையும் திட்டியது ஞாபகம் வந்தது. அடுப்புக்கு ஒரு மன்னிப்பு பாக்கி.

அவரே மதரின் அறைக்குப் போனார். யாரும் கூப்பிடவில்லை.

“நாலாவது மணியில கட்டில் வந்துடுது மதர்.”

“எந்தக் கட்டில்?”

சொன்னார். பத்தொன்பது வருடத்தை ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட முடிந்தது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. மதர் சிரிப்பை அடக்கக் கையால் வாயை மூடிக்கொண்டார், அடங்கவில்லை.

“ஊர்ல பாதிப் பேரு உங்க அண்ணியைத்தான் ரெண்டு வாரமா கடிச்சுக்கிட்டு இருந்திருக்காங்க.” பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு கேட்டார்: “அந்தப் பத்தை நிறுத்திடலாமா?”

“அண்ணனுக்கு வாக்கு குடுத்துட்டேன்.”

“அப்போ பாத்திரத்தை விட்டுடலாமா?”

கரண்டி சிஸ்டர் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளங்கையில் கரண்டிப் பிடி பதிந்த தழும்பு, அதற்கு மேலே கட்டைவிரலில் மணி தேய்த்த காய்ப்பு. இரண்டில் ஒன்றை விடச் சொன்னால் எதை விடுவது? வெளியே யாரோ வாசல் மணியை அடித்தார்கள். திறக்க ஆள் இல்லை. இன்னொரு முறை அடித்தார்கள்.

“தோல் வேகும்போது சொல்றேன்,” என்றார் திடீரென்று. “அப்போ சின்னத் தீ. எத்தனை நேரம் நின்னாலும் ஒண்ணும் கெட்டுப்போகாது. நின்னா இன்னும் மெத்துனுதான் ஆகும்.”

மதர் யோசித்தார். “சரி. ஆனா தட்டும் வைக்கணும்.”

“தட்டா? அப்போ ஜெபத்துல நம்பிக்கை இல்லையா மதர்?”

“கடவுள்மேல எனக்குச் சந்தேகமே இல்ல சிஸ்டர். உங்க அண்ணிமேலதான்.”

அடுத்த காய்ச்சலில் தோல் வேகிற நேரத்துக்கு அண்ணியின் பத்து மாறியது. முதல் தடவை அது நாற்பது நிமிடம் ஓடியது. யாரும் அவசரப்படுத்தவில்லை. கட்டில் வந்தது, துணி வந்தது, வார்த்தை வந்தது. எல்லாம் வந்து போன பிறகு, அதுவரை வராத ஒன்று வந்தது. அன்றைக்கு அம்மாவின் தலை வாரிப் பின்னியிருந்தது. நகம் வெட்டியிருந்தது. பின்னறையிலிருந்து குளியலறைக்குப் பத்தடிகூட இல்லை. முன்னறையிலிருந்து என்றால் ஒரு படி இறங்க வேண்டும். இதையெல்லாம் கரண்டி சிஸ்டர் கூப்பிட்டு வரவழைக்கவில்லை. வந்துவிட்டது என்பதற்காக உடனே உருகிவிடவும் இல்லை. அந்த ஜன்னலில் காற்று வராது. அது அன்றும் உண்மை, இன்றும் உண்மை. தோலை எடுத்து நசுக்கிப் பார்த்தார். பஞ்சாக இருந்தது.

சர்க்கரை, கொதி, ஐந்து பத்து. லேபிள் சிஸ்டர் தட்டை நீட்ட, ஒரு சொட்டு விட்டார். விரலால் தள்ளினார். சுருக்கம் விழுந்தது. வாசல் மணிக்கு ஆள் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மதர் சொல்லிவிட்டார். பேக்கரிக்காரர் புதுப் பாட்டிலைக் கவிழ்த்துக் காட்டுகிறேன் என்று தன் சட்டையிலேயே கொட்டிக்கொண்டார்.

கல்லாகிப்போன பாட்டில்களை விற்க முடியாது. சிஸ்டர்கள் சுடுதண்ணீரில் கரைத்துக் குடித்தார்கள். அதில் ஒரு பாட்டிலை, யாருக்கும் சொல்லாமல், கரண்டி சிஸ்டர் அண்ணன் வீட்டுக்கு அனுப்பி வைத்தார். ஏன் நல்லதை அனுப்பவில்லை என்று பிறகு யோசித்தார். நல்லது ஊருக்கு, இது அண்ணியால் ஆனது, அண்ணிக்கே சேர வேண்டியது. அப்படித்தான் தோன்றியது.

ஒரு வாரம் கழித்து அண்ணன் கூப்பிட்டார். தண்ணீரில் கரைத்து ஸ்பூனால் கொடுத்தாராம். “இரு, அவ ஏதோ சொல்லணுங்கறா.”

தொலைபேசியில் நீளமான ஒரு மூச்சு. பிறகு ஒவ்வொரு எழுத்தாக, மேட்டில் ஏறுகிற மாதிரி: “நாத்... தனாரே... கூட... உளி... அனுப்ப... மறந்துட்டீங்க.”

கரண்டி சிஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “உடம்புதான் விழுந்துச்சு, வாய் விழலையே அண்ணி.”

அந்தப் பக்கத்திலும் என்னவோ சத்தம் கேட்டது. சிரிப்பா இருமலா, தெரியவில்லை. அண்ணன் தொலைபேசியை வாங்கிக்கொண்டார்.

அன்றைய காய்ச்சலில் ஐந்தாவது பத்துக்கு வந்தபோது, வழக்கம்போல ஜாமை வாயில் வைக்கப்போகிறவர்களுக்காக என்று ஆரம்பித்தார். மூன்றாவது மணியில்தான் உறைத்தது: அண்ணியும் இப்போது ஜாம் சாப்பிட்டவள். தனியாகப் பெயர் சொல்லாமலே உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறாள். வெளியே அனுப்ப வழியும் இல்லை.

நான்காவது மணி வந்தது. கட்டைவிரல் அதைத் தள்ளிவிட்டு ஐந்தாவதுக்குப் போனது.

“மூணு நிமிஷம்,” என்றார் லேபிள் சிஸ்டர், பாத்திரம் இறங்கியதும்.

“உன்னை யாருடி எண்ணச் சொன்னா?” என்றார் கரண்டி சிஸ்டர். “தட்டை எடு.”