கூட்டாத முற்றம்

றோசமலரிடம் தும்புத்தடியைக் கொடுத்தால் தரையின் தோலை உரித்துவிட்டுத்தான் ஓய்வாள். மன்னாரில் விடியமுன் முற்றம் கூட்டிப் பழகிய கை. இத்தாலிக்கு வந்து, பலேர்மோ நகரத்து ஒரேத்தோப் பகுதியில் நாங்கள் இருவரும் சேர்ந்து வாடகைக்கு இருந்த வீட்டில், நான் நடக்க நடக்க என் காலடியைக் கூட்டிக்கொண்டு பின்னால் வருவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தக் கைதான் தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு நத்தார்ப் பண்டிகைக்கு அவளைக் கவிழ்த்தது.

அவள் வேலை செய்த வீட்டு எசமானி சிஞ்ஞோரா லுமியாவுக்குப் பலேர்மோவிலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளி, மதோனியே மலையில் ஒரு வீடு இருந்தது. சிசிலியில் பனியா என்று கேட்பவர்கள் மார்கழியில் அங்கே போய்ப் பார்க்க வேண்டும். நத்தார் விருந்துக்கு வீட்டைத் தயார் செய்ய றோசமலர் பத்து நாள் முன்பே போனாள். பின்முற்றத்தில் முழங்கால் அளவு பனி. சும்மா இருப்பாளா? பனியை மண்வெட்டியால் அள்ளி, கீழே கிடந்த சருகையும் காய்ந்த புல்லையும் வாரி, வெறும் மண் தெரியக் கூட்டி வைத்தாள். அந்த மண்ணுக்குக் கீழேதான் மலக்குழி இருந்தது.

நத்தார் அன்று பதினொரு விருந்தாளிகள். மத்தியானத்துக்கு முன்பே கழிப்பறை பொங்கியது. குழிக்குப் போகும் குழாய் உறைந்து கல்லாகியிருந்தது. சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு எல்லோரும் பலேர்மோ திரும்பினார்கள். குழி இறைக்க வந்தவர் வெறும் மண்ணைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். பனிதான் குழிக்குப் போர்வை, அதை யார் உரித்தது என்று கேட்டார். குளியலறைப் பைப் சொட்டுச் சொட்டாய் ஒழுகி, அந்தத் தண்ணீரும் குழாய்க்குள் உறைந்ததாம்.

"அடுத்த நத்தாருக்கும் இப்படி என்றால் வேறு ஆள் பார்ப்பேன், றோசா," என்றார் சிஞ்ஞோரா.

வேலை போனால் இன்னொரு வேலை தேடலாம். ஆனால் கணவன் எமிலியானுஸை மன்னாரிலிருந்து கூப்பிட, சிஞ்ஞோரா கையெழுத்திட்ட வேலைக் கடிதத்தைக் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். நாலு வருடமாய் அவனைப் படத்தில்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஐப்பசியிலேயே தொடங்கிவிட்டாள். முற்றத்துப் புல்லை வெட்ட விடவில்லை. ஒழுகிய பைப்பைத் திருத்துவித்தாள். ஆட்டுக்காரர் ஒருவரிடம் வைக்கோல் வாங்கி, குழியின் மேலும் குழாய் போகும் வழியிலும் ஒரு முழ உயரத்துக்குப் பரப்பி, காற்று அள்ளாதபடி பழைய மீன்வலை ஒன்றை இழுத்துக் கட்டினாள். ஸ்ஃபெர்ராகவால்லோ மீனவரிடம் கேட்டு வாங்கிய வலை. பஸ்ஸில் அதை மடியில் வைத்திருந்தவளுக்குப் பக்கத்தில் நான்தான் இருந்தேன். அந்த நாற்றம் இன்னும் மறக்கவில்லை. யாரும் கார் ஏற்றாதபடி நாலு மூலையிலும் தடி நட்டாள்.

மார்கழியில் சமையலுக்கு உதவ என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். ஆளில்லாத வீட்டின் குழி சீக்கிரம் குளிர்ந்துவிடும் என்று, நாங்கள் இருவரும் தினமும் சுடுதண்ணீரில் குளித்தோம், உடுப்புத் தோய்த்தோம். என் வாழ்நாளில் நான் அவ்வளவு சுத்தமாய் இருந்ததில்லை.

பனி கொட்டியது. அவளுக்குக் கை அரித்தது. ஒருநாள் காலை கதவோரம் நின்று முற்றத்தையே பார்த்தாள்.

"கரையை மட்டும் கொஞ்சம் கூட்டட்டே?"

"தொட்டாயெண்டால் எமிலியானுஸை மறந்திடு," என்றேன்.

தும்புத்தடியை என் கையில் திணித்தாள். "எங்கையாவது ஒளிச்சு வை. நான் கேட்டாலும் தராதை."

நத்தாருக்கு முதல் நாள் சிஞ்ஞோராவும் அவர் தம்பியும் வந்தார்கள். தம்பி சட்டத்தரணி, அவர்கள் பேச்சில் அவ்வொக்காத்தோ. "இதென்ன மாட்டுக் கொட்டிலா? அள்ளிப் போடு. என் காரை நிறுத்த வேண்டும்," என்றார். றோசமலர் போய் வைக்கோலுக்கு முன்னால் நின்றாள். ஐந்தடி கூட இல்லாதவள்.

"இல்லை, அவ்வொக்காத்தோ. கார் தெருவில்," என்றாள் உடைந்த இத்தாலியனில்.

அவர் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். சிஞ்ஞோரா தெருப் பக்கம் கையைக் காட்டினார். கார் தெருவுக்குப் போனது.

மறுநாள் பதினான்கு பேர் தின்றார்கள், குடித்தார்கள், கழிப்பறைக்குப் போய் வந்தார்கள். தண்ணீர் ஒவ்வொரு முறையும் கடகடவென்று இறங்கியது. ஒவ்வொரு முறையும் றோசமலர் சிலுவை போட்டுக்கொண்டாள். மூன்று மணிக்குக் கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டுக்காரி, கையில் ஒரு கேக்குடன், கூச்சப்பட்டுக்கொண்டு நின்றாள். கார் விடுவதற்காக முற்றத்துப் பனியை வழித்தார்களாம், குழாய் உறைந்துவிட்டதாம். அவளுக்குப் பின்னால் எதிர்வீட்டார் ஏழு பேர், அதே கதையோடு. சற்று நேரத்தில் எங்கள் கழிப்பறை வாசலில் நற்கருணைக்கு நிற்பதுபோல் ஒரு வரிசை. அதன் கடைசியில் சட்டத்தரணி நின்றார். றோசமலர் அவரை முன்னால் விடவில்லை. எனக்கு இருந்த சந்தோஷத்தில் அந்தக் கேக்கில் பாதியை நானே தின்றேன்.

மாலையில் சிஞ்ஞோரா மேசையில் உட்கார்ந்து கடிதம் எழுதினார். எமிலியானுஸ் என்ற பெயரை எழுத்தெழுத்தாய்க் கேட்டு எழுதி, கையெழுத்துப் போட்டார்.

"அப்படி என்னதான் செய்தாய், றோசா?"

"பெரிதாய் ஒன்றுமில்லை, சிஞ்ஞோரா. கூட்டாமல் இருந்தேன்."

கடிதத்தை மடித்துச் சட்டைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு குசினிக்கு வந்தவள், அழுத கண்ணோடு என்னிடம் கையை நீட்டினாள்.

"இனித் தா அந்தத் தும்புத்தடியை. ஊரே மிதிச்ச வீடு."