கணவாயின் பென்சில் கோடு

கடல் ஊருக்குள் வந்துபோன மறுவருடம்தான் துறைமுகத்தடிச் சரக்குக் கந்தோரில் கணினிகளுக்கு வயர் இழுத்தோம். வயர் இழுத்தவன் நான். ஏணி பிடித்தவர் கிண்ணியா ரசாக். எந்த வயர் எங்கே போகிறது என்று படம் கீறியவர் தவராசா. போன செவ்வாய்க்கிழமை தவராசா போய்விட்டார் என்று என் மகள் போனைப் பார்த்து வாசித்தாள். அந்த அறிவித்தலுக்குக் கீழே இதையும் நான் சொல்ல அவள்தான் எழுதுகிறாள். எனக்கு எழுத்துத் தெரியாது.

செத்த வீட்டில் மனேஜர் பேசினார்: "கந்தோர் முழுக்க அவற்ற தலைக்குள்ள இருந்தது." எனக்குப் பற்றியெரிந்தது. இருந்தது என் தலைக்குள். "இது எங்க போகுது அண்ணை?" என்று தவராசா கேட்பார். கூரையால் ஏறி, குசினிச் சுவரைத் துளைத்து என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அவர் கீறுவார். கண்ணாடி போட்டு மாட்டிய பிறகு அது "தவராசாவின்ர படம்" ஆகிவிட்டது.

வயர்கள் வந்து சேரும் பெட்டிகளுக்கு அவர் எழுத்து மட்டும் போடவில்லை. ஒன்றுக்கு நண்டு, ஒன்றுக்கு இறால் கீறினார். "உங்களுக்குத்தான் அண்ணை. பார்த்த உடன விளங்கும்." விளங்கியது. ஆனால் கந்தோரே "இண்டைக்கு நண்டு வேலை செய்யுதில்லை" என்று சிரித்து அவரைத்தான் மெச்சியது.

பிறகு கணவாய் மீன் கீறிய பெட்டி வந்தது. அதன் வயரை நான் பின்கூரையால் கொண்டுபோனேன். அவர் கேட்டபோது, தராசு அறைத் தரைக்குக் கீழே என்றேன். நம்பிக் கீறினார். எலி வயரைக் கடித்த நாளில் படத்தைப் பார்த்துத் தரையை உடைத்தார்கள். கீழே வெறும் மணல். ரசாக் என்னை முறைத்தார். நான் உடைந்த கல்லைப் பொறுக்கினேன்.

"என்ர பிழை, சேர்" என்றார் தவராசா மனேஜரிடம்.

வெளியே வந்ததும், "இப்ப உண்மையைச் சொல்லுங்கோ அண்ணை. பென்சில் கூரா இருக்கு" என்றார். சொன்னேன். படம் முழுவதையும் திரும்ப மையால் கீறினார். பொய்க்கோட்டை மட்டும் மெல்லிசாகப் பென்சிலில் வைத்தார்.

"அதை ஏன் விட்டனீங்கள்?"

"அதுவும் நீங்கள் தந்ததுதானே."

ஒரு ஏச்சு ஏசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். அந்த மனம் அவருக்கு வாய்த்ததே என்று இன்றைக்கும் பொறாமைதான்.

கணவாய்க்கு ஏன் அந்தப் பென்சில் கோடு என்று புது இஞ்சினியர் செத்த வீட்டில் கேட்டார். "தவராசாவுக்கும் பிழை வரும்தானே" என்று மனேஜர் சிரித்தார். நான் எழும்பி வெளியே வந்துவிட்டேன். அவரை அறிந்த உங்களுக்கு இப்போது சொல்கிறேன்: அந்தக் கோடு என்னுடையது. அந்தப் படத்தில் நான் எனக்கென்று வைத்துக்கொள்வது அது ஒன்றைத்தான். அறிந்த மூவரில் ரசாக் போன நோன்புக்கு முதல் மௌத்தானார். இப்போது தவராசா. மிச்சம் நான், கட்டைபறிச்சான் கணபதிப்பிள்ளை.