சுறா எண்ணெய் பூசிய மோட்டார் சைக்கிள்

பிள்ளைகளே, நீங்கள் மோட்டார் சைக்கிளை வெளியே எடுக்கும்போதெல்லாம் உங்கள் அம்மா அடுப்பை விட்டு வாசல் படலைவரை ஓடிவந்து, "பிரேக்கைப் பாத்தனீங்களோ?" என்று கேட்கிறாள். நீங்கள் சிரிக்கிறீர்கள். அந்தக் கேள்விக்கு நான்தான் காரணம். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுதுகிறேன், பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கலியாணம் முடித்த இரண்டாம் வருடம் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கினேன். புத்தூரில் ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவர் வைத்திருந்தார். இங்கிலாந்தில் செய்தது, அப்போதே வயதுபோனது. உதைத்தால் முதலில் இருமும், பிறகு நிதானமாக ஓடும். அதை வீட்டுக்கு ஓட்டிவந்த அந்தப் பின்னேரம், வெங்காயப் பாத்திகளும் புகையிலையும் இரண்டு பக்கமும் தண்ணீர்போல வழிந்து போயின. பாயில் காற்றுப் பிடித்த வள்ளத்தில் மட்டுமே அதற்குமுன் அப்படி மிதந்திருக்கிறேன்.

தொண்டைமானாற்றில் எங்கள் வீடு கடலுக்குப் பக்கத்தில். உப்புக்காற்று இரும்பைத் தின்னும். தென்மேற்கிலிருந்து வீசும் சோழகக் காற்றுத் தொடங்கிய சில நாளிலேயே சக்கரக் கம்பிகளில் கறள் பிடித்து, தொட்டால் சிவந்த தூள் கையில் ஒட்டியது. எனக்கு மனம் கேட்கவில்லை. வள்ளம் உப்பில் கெடாமலிருக்க, மீன்பிடிக்கிற எங்கள் வீட்டில் என்ன செய்வார்களோ, அதையே செய்தேன். சுறா ஈரலைக் காய்ச்சி எடுத்த எண்ணெயைத் துணியில் தோய்த்துப் பூசினேன். வள்ளத்துக்குப் பூசுகிறவன் வெளியோடு நிறுத்தமாட்டான். உள்ளே மூலைமுடுக்கெல்லாம் பூசினால்தான் அது வேலை. ஆகவே சக்கரங்களையும் கழற்றி, பிரேக் கட்டைகளுக்கும் அவை உரசுகிற இடத்துக்கும் தாராளமாகப் பூசிவிட்டு, பெருமையோடு கை கழுவினேன்.

வீட்டு வாசலால் போன தேத்தண்ணிக் கடைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"என்னடாப்பா, உதுக்குப் பெற்றோலோ விடுறாய், மீன் குழம்போ?"

"உங்கடை சைக்கிள் கறள் பிடிக்கேக்கை தெரியும்."

"உன்ரையை கறள் பிடியாது, சரி. பூனை பிடிக்கும்!"

மறுநாள் உங்கள் அம்மாவுக்குப் பருத்தித்துறை ஆஸ்பத்திரியில் கிளினிக். மூத்தவனே, நீ அப்போது வயிற்றில் ஏழு மாதம். உனக்கு முன் ஒன்று வந்து தங்காமல் போனது. அதனால் ஒரு படி இறங்குவதற்கும் அவள் சுவரைப் பிடிப்பாள். பஸ்ஸில் நெரிபடுவதைவிட இது நல்லது என்று நான்தான் கெஞ்சினேன்.

"பிள்ளைக்கு ஒண்டும் நடக்காதோ?"

"நானெல்லோ ஓட்டுறன்."

"மணக்குது."

"ஓடத் தொடங்கினால் காத்து கொண்டுபோயிடும்."

சீலையை ஒதுக்கி, கால் இரண்டையும் இடது பக்கம் தொங்கவிட்டு, கடலைப் பார்த்தபடி உட்கார்ந்து என் இடுப்பைப் பிடித்தாள்.

சோழகம் முதுகைத் தள்ளியது. தெருவில் ஒருவரும் இல்லை. பிரேக்குக்கு வேலையே வரவில்லை. பக்கத்தில் கடல் எங்களோடு கூடவே வந்தது. இறுக்கிப் பிடித்திருந்த அவள் கை மெல்லத் தளர்ந்தது. பயம் போய்விட்டது என்று அறிந்தபோது, அந்தத் தெரு முடியவே கூடாது என்று எனக்கு இருந்தது.

வளைவில் பனையோலை ஏற்றிய மாட்டுவண்டில் ஒன்று தெருவை அடைத்துத் திரும்பிக்கொண்டிருந்தது. பிரேக்கை மிதித்தேன். ஒன்றுமில்லை. கைப்பிரேக்கைப் பிடித்தேன். அதுவும் வழுக்கியது. மாட்டின் கண்கூடத் தெரிந்தது. இடது பக்கம் வள்ளங்களை இழுத்து வைக்கிற மணல். வள்ளத்துக்கு ஏது பிரேக்? கரையேறித்தானே நிற்கும். எஞ்சினை அடக்கி, கைபிடியை மெதுவாகக் கடலுக்குத் திருப்பினேன். சக்கரங்கள் மணலில் இறங்கி, புதைந்து, நின்றன. விழவில்லை. ஒரு அலை முன்சக்கரத்துக்கு முழ தூரம்வரை வந்து திரும்பிப் போனது.

வலை திருத்திக்கொண்டிருந்த ஒருவன் எழும்பிக் கத்தினான்.

"அண்ணை, எந்தத் துறையாலை வாறியள்? மீன் பட்டதோ?"

"மணத்தைப் பார், நல்லாய்ப் பட்டிருக்கு!" என்றான் மற்றவன்.

அவள் இறங்கி இரண்டு கையையும் வயிற்றில் வைத்துக்கொண்டு நின்றாள். சிரித்தவர்களும் வலையைப் போட்டுவிட்டுக் கிட்ட வந்தார்கள்.

"பிள்ளை துடிக்குது," என்றாள்.

நான் மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"நான் கடலைத்தான் பாத்துக்கொண்டு வந்தனான். கடல் திரும்பி எங்களிட்டை வாறமாதிரிக் கிடந்தது. வடிவாயும் இருந்தது. என்ன நடந்தது?"

சொன்னேன்.

"பிரேக்குக்கும் பூசினனீங்களோ?"

"ஓம்."

"இஞ்சாருங்கோ, நான் பஸ்ஸிலை போறன். நீங்கள் உந்த வள்ளத்தை வீட்டை கொண்டுபோங்கோ."

"நானும் வாறன்."

"உந்த மணத்தோடையோ? வேண்டாம்."

பஸ் வரும்வரை பக்கத்தில் நின்று அவளை ஏற்றிவிட்டேன். பிறகு மோட்டார் சைக்கிளை வீடுவரை உருட்டினேன். பிரேக் கட்டைகளைப் பெற்றோலில் கழுவி, அரத்தாளால் தேய்த்து, வெயிலில் காயவைத்துப் பூட்டினேன். வீட்டு முன் ஒழுங்கைப் பாதையில் ஓட்டி, பிரேக்கைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தேன். நின்றது. இருந்தும் மனம் ஆறவில்லை.

அம்மா இன்னும் வரவில்லை. முற்றத்தில் அதை நிறுத்திவிட்டு, பின் இருக்கையில் ஏறி, அவள் இருந்ததுபோலக் காலைத் தொங்கவிட்டு இருந்தேன். அங்கேயிருந்தால் முன்னால் என்ன வருகிறது என்று தெரியாது. கையை நீட்டினேன். என் இடுப்பு இருக்கவேண்டிய இடத்தில் காற்றுத்தான் இருந்தது. பிறகு இறங்கிப்போய், வள்ளத்துக் கயிற்றில் ஒரு முழம் வெட்டி வந்து, அவள் பிடித்துக்கொள்ள இருக்கையின் இரும்பில் வளையமாகக் கட்டி, இரண்டு தரம் பலமாக இழுத்துப் பார்த்தேன்.