பென் டிரைவை நம்பிய நாள்

பம்பு செட்டுக்குக் கையேடு எழுதுவது என் வேலை. கம்பெனி பெங்களூரில்; நான் பாலக்கோட்டில், தக்காளி மண்டிக்குப் பின்தெருவில். அதே கையேட்டைக் கம்பைநல்லூரிலிருந்து ஒரு பெண்ணும் எழுதுகிறாள். என்னைவிடப் பதினெட்டு வயது சின்னவள். நான் சீனியர். இதை அவளிடம் நானே பலமுறை சொல்லியிருக்கிறேன், வேறு யாரும் சொல்லாததால்.

எங்கள் மென்பொருளில் சோர்ஸ் கன்ட்ரோல் என்று ஓர் ஏற்பாடு. இருவர் திருத்துவதும் ஒரே சர்வரில் போய்ச் சேரும். அனுப்பும்போது என்ன மாற்றினோம் என்று திரையில் வரும் ஒரு சின்னக் கட்டத்துக்குள் எழுத வேண்டும். காலியாக விட்டால் போகாது. எழுதியதெல்லாம் ஒரு பட்டியலில் வரிசையாக நிற்கும். அவள் "ஸ்டார்ட்டர் பக்கம், எச்சரிக்கை சேர்த்தது" என்று எழுதுவாள். நான் "சும்மா" என்று எழுதுவேன்.

கண்ணில் படாத சர்வர்மீது எனக்கு நம்பிக்கை கிடையாது. சட்டைப்பையில் எப்போதும் ஒரு பென் டிரைவ். அதில் 'கடைசி', 'கடைசியோ கடைசி', 'இதுதான் கடைசி' என்று மூன்று ஃபோல்டர்கள். கையேடு அச்சுக்குப் போகிற அன்று காலையில் ஒரு படம் காணவில்லை என்று 'கடைசி'யை எடுத்து மொத்தமாக மேலே ஒட்டி அனுப்பினேன். சும்மா.

அது பத்து நாள் பழசு.

பதினொரு மணிக்கு ஸ்டார்ட்டர் பக்கத்தைத் திறந்தால், 'மூடியைத் திறக்கும் முன் மெயினை அணைக்கவும்' என்ற வரி இல்லை. அவளுடைய பத்து நாள் வேலையும் இல்லை. மூன்று மணிக்கு அச்சகம். அந்த வரி இல்லாமல் போனால், ஏதோ ஒரு தோட்டத்தில் யாரோ ஈரக்கையோடு மூடியைத் திறப்பார்.

பதறிப்போய் அடுத்த ஃபோல்டரை ஒட்டினேன். பிறகு அதற்கடுத்ததை. அதுவும் சும்மா, இதுவும் சும்மா. வரி வரவில்லை. பழசைத் திருப்பி எடுப்பது எப்படி என்று தெரியாது. பயிற்சி வகுப்பில் நான் ஜோக் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"லோடு வண்டி வராத வியாபாரியாட்டம் எதுக்குங்க வாசலுக்கும் உள்ளுக்கும் நடக்கறீங்க?" என்றாள் மனைவி. விஷயத்தைச் சொன்னேன்.

"அந்தப் பொண்ணுக்குப் போன் போடுங்க."

"நான் சீனியர்."

"போடுங்க சீனியர்."

போட்டேன்.

"இப்பத்தாண்ணா பார்த்தேன். காலையில இருந்து மூணு சும்மா வந்திருக்குது."

"உன் பக்கமெல்லாம் போச்சும்மா."

"எங்கியும் போவலண்ணா. லிஸ்ட்ல நேத்து சாயங்காலம் நான் அனுப்புனது, 'எச்சரிக்கை சேர்த்தது'ன்னு, இருக்குதா பாருங்க. அதுமேல ரைட் கிளிக் பண்ணி, பழையபடி கொண்டாங்க."

"நீயே பண்ணிடேன்."

"பண்ணலாம். அடுத்த வாட்டியும் நானே பண்ணணும். நீங்களே பண்ணுங்க."

அமுக்கினேன். அந்தக் கட்டம் மறுபடி வந்து நின்றது. பழக்கத்தில் 'சு' போட்டுவிட்டேன்.

"அண்ணா, இந்த வாட்டி சும்மா வேணாம்."

கீபோர்டு சத்தத்திலேயே தெரிந்துவிட்டதா என்ன? அழித்துவிட்டு எழுதினேன்: "பழைய ஃபோல்டரை மேலே ஒட்டியது நான். நேற்றைய பக்கங்களைத் திரும்ப வைத்திருக்கிறேன்." பெங்களூரில் மேனேஜர் வரைக்கும் பார்க்கிற பட்டியல் அது. அனுப்பினேன்.

"வந்திருச்சுண்ணா. மெயினை அணைக்கவும், இருக்குது."

காலையில் தேடிய அந்த ஒரு படத்தை மட்டும் தனியாகச் சேர்த்து அனுப்பிவிட்டு, பென் டிரைவை மேசைக்குள் போட்டு மூடினேன். இரண்டு மணிக்கு அந்த வரி இருக்கிறதா என்று திறந்து பார்த்தேன். இருந்தது. இரண்டரைக்கும் பார்த்தேன். இரண்டே முக்காலுக்கு அவளே மெசேஜ் அனுப்பினாள்: "இருக்குதுண்ணா. சாப்பிடப் போங்க."